கல்லாப்பெட்டிக்குள் ஒரு கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

கணினியின் வெளிக்கூட்டை வீட்டிலேயே செய்ய விரும்பும் பலரும் முதலில் கேட்பது, அது பார்க்க எப்படி இருக்கும் என்பதைத்தான். அந்தக் கூட்டுக்குள் காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறும், கசியும் மின்சாரம் எந்த வழியாக மண்ணுக்குப் போகும் என்று அவர்கள் கேட்பதில்லை. நான் கவனித்த இந்த நிகழ்வில் இரண்டு வழிகளும் அடைபட்டிருந்தன. அவற்றை எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம், எது இன்னும் சரியாகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

விருதுநகர் கடைவீதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பலசரக்குக் கடை நடத்திய பெரியவர் ஒருவர் முதுமை காரணமாகக் கடையை மூடினார். வீதி முழுவதும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கும், நானும் அப்படியே. தராசு, எடைக்கற்கள், அலமாரி எல்லாம் விற்றுப்போயின. தேக்கு மரக் கல்லாப்பெட்டி மட்டும் மிஞ்சியது. சரிவான மூடி, மூடியில் காசு போட ஒரு நீள்துளை, உள்ளே சில்லறையைப் பிரித்துப்போடத் தடுப்பு வைத்த அறைகள், மூலைகளில் பித்தளைப் பூண், இரு பக்கமும் பித்தளைக் கைப்பிடிகள். பழைய சாமான் வாங்குபவர் அதற்கு அறுநூறு ரூபாய் தருவதாகச் சொன்னார்.

பொறியியல் படிக்கும் பேத்தி அதைக் கொடுக்க விடவில்லை. தான் சேர்த்துவைத்திருந்த கணினி உறுப்புகளை அதற்குள் பொருத்தப் போவதாகச் சொன்னார். ரைசன் 5 5600ஜி பிராசசர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்ற அளவில் அமைந்த மதர்போர்டு, 450 வாட் பவர் சப்ளை. தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. பெட்டியின் உட்புறம் 22 அங்குல நீளம், 16 அங்குல அகலம், பின்பக்கம் 9 அங்குல உயரம், முன்பக்கம் 6 அங்குலம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு 244 மில்லிமீட்டர் சதுரம், அதாவது பத்து அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. இடம் தாராளமாகவே இருந்தது.

அண்ணாச்சிக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. இது யாரும் செய்யாத காரியம் அல்ல என்று பேத்தி அவருக்கு எடுத்துச் சொன்னார். 1976இல் வெளிவந்த ஆப்பிள்-1 கூடு இல்லாமல் வெறும் போர்டாகத்தான் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் சிலர் அதற்கு மரப்பெட்டி செய்துகொண்டார்கள். கூகுளை உருவாக்கிய இருவரும் 1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பத்து ஹார்டு டிஸ்குகளை லெகோ கட்டைகளால் கட்டிய பெட்டிக்குள் வைத்து ஓட்டினார்கள். இவற்றின் படங்களைப் பார்த்த பிறகு அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. அந்த நிபந்தனைதான் பிற்பாடு நல்ல தீர்வுக்கு எங்களைக் கொண்டுபோனது.

முதல் கட்டுமானம்

2024 மே விடுமுறையில் பேத்தி தனியாகவே வேலையை முடித்தார். போர்டைப் பெட்டியின் தரைப்பலகை மேல் பித்தளை ஸ்டட் (போர்டைச் சற்று உயர்த்திப் பிடிக்கும் சிறு தூண்) வைத்துப் பொருத்தினார். பின்பலகையில் போர்டின் இணைப்பு முனைகளுக்குச் சாளரம் வெட்டினார். பவர் சப்ளையை வலதுபக்கச் சுவரை ஒட்டி நிறுத்தி, அதன் சூடான காற்று வெளியேறப் பின்பலகையில் 10 மில்லிமீட்டர் துளைகள் 24 போட்டார். கோலப்புள்ளி போல வரிசையாக அமைந்த அந்தத் துளைகள் பார்க்க அழகாகவே இருந்தன. இடதுபக்கச் சுவரில் காற்றை உள்ளே இழுக்க 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று, பின்பலகையின் இடது மூலையில் காற்றை வெளியே தள்ள இன்னொன்று. சில்லறை அறைகளைத் தாத்தாவின் நினைவாகவும் பென் டிரைவ் வைத்துக்கொள்ளவும் அப்படியே விட்டுவிட்டார். காசு போடும் நீள்துளைக்கு அடியில் பவர் பட்டன். அந்த ஒன்று முதல் முயற்சியிலேயே கச்சிதமாக அமைந்தது, இன்றுவரை மாற்றவில்லை.

மூன்று வாரங்களில் மூன்று குறைகள் தெரிந்தன. வீடியோ வேலை செய்யும்போது பிற்பகலில் கணினி திடீரென்று அணைந்துபோனது. கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி உயிர்பெற்றது. பின்னால் யு.எஸ்.பி. பிளக்குகள் முழுதாக உள்ளே போகவில்லை. மூன்றாவது, பெட்டியைத் துடைக்கும்போது பித்தளைக் கைப்பிடியில் விரல் பட்டால் சுருசுருவென்று ஏறுவதாக அண்ணாச்சி சொன்னார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மரப்பெட்டிதானே தாத்தா, ஷாக் அடிக்காது" என்று பேத்தியே சொல்லியிருக்கிறார். பத்தொன்பது ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அணைந்துபோகும் கோளாறுக்காகத்தான் என்னை அழைத்தார்கள். போனதும் நான் முதலில் பார்த்தது கைப்பிடியைத்தான்.

கைப்பிடியில் கண்டது

டெஸ்டரை வைத்தேன், மங்கலாக எரிந்தது. தோட்டத்துக் குழாயின் இரும்பை மண்ணாகக் கொண்டு மல்டிமீட்டரில் அளந்தால் கைப்பிடியில் 108 வோல்ட் காட்டியது.

இந்த எண் தற்செயலானது அல்ல. கணினியின் பவர் சப்ளைக்குள் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக மின்சாரம் வரும் பேஸ் கம்பியிலிருந்து ஒரு சிறு மின்தேக்கியும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியிலிருந்து ஒன்றும் அதன் உலோகக் கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது பின்னில் எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கூடு இரண்டுக்கும் நடுவில் தொங்கும்: 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி. கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது. பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே. அதனால்தான் தூக்கியடிக்காமல் சுருசுருக்கிறது. ஆனால் பவர் சப்ளைக்குள் ஒரு காப்பு உடைந்து பேஸ் நேராகக் கூட்டைத் தொட்டால், அதே வழியாக முழு மின்சாரமும் வரும். சுருசுருப்பு என்பது எர்த் இல்லை என்று முன்கூட்டியே கிடைக்கும் தகவல். அதைப் பழகிப்போன விஷயமாக எடுத்துக்கொள்ளும் வீடுகள் நம் ஊரில் எத்தனையோ இருக்கின்றன. அதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மரப்பெட்டியின் கைப்பிடிக்கு அது எப்படி வந்தது? பெட்டியைத் திறந்ததும் விடை கிடைத்தது. கைப்பிடியின் மரையாணிகள் முக்கால் அங்குலப் பலகையைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்த்தன. அதில் ஒன்றின் முனை பவர் சப்ளையின் இரும்புக் கூட்டில் அழுந்திக்கொண்டிருந்தது. அதாவது கோளாறை மரம் உண்டாக்கவில்லை. இரும்பு கேபினெட்டாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் தொட்டாலும் சுருசுருத்திருக்கும், வீட்டில் எர்த் இல்லை என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். மரம் அதை மூன்று வாரம் மறைத்துவைத்தது.

சாக்கெட்டைக் கழற்றினோம். எர்த் முனையில் கம்பி இருந்தது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் எர்த் குழாயின் கவ்வியில் அது துருவேறி அற்றுப்போயிருந்தது. அன்று வந்த மின்பணியாளர் ஒரு குறுக்குவழி சொன்னார்: சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்து ஒரு துண்டுக் கம்பி போட்டுவிடலாம், சுருசுருப்பு உடனே நின்றுவிடும் என்றார். நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் என்றாவது ஒருநாள் நியூட்ரல் கம்பி வழியில் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளின் வழியாக 230 வோல்ட் அந்தத் துண்டுக் கம்பியில் ஏறிப் பெட்டியின் கைப்பிடிக்கே வந்துசேரும். நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டேன். அண்ணாச்சிக்கு இரண்டு வரியில் விளக்கினேன். "தம்பி, குழியைத் தோண்டுங்கள்" என்றார். அந்தப் பணியாளரே பிறகு கரி, உப்பு போட்டுப் புதுக் குழாய் இறக்கிக் கொடுத்தார், நன்றாகவே செய்தார். மின்சாரம் கசிந்தால் இணைப்பை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் வீட்டின் மெயின் போர்டில் மாட்டினோம். கணினி வேலையைத் தொடுவதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

வெப்பத்தை ஆராய்ந்த விதம்

"மரம் சூட்டை வெளியே விடாது, அதனால்தான் அணைகிறது" என்பது வீட்டில் எல்லோருடைய முடிவு. மரம் வெப்பத்தைக் கடத்துவது குறைவு என்பது சரி. ஆனால் விசிறி வைத்த கணினியில் சுவர் வழியாகப் போகும் வெப்பம் சொற்பம். பெரும்பகுதியைக் காற்றுதான் சுமந்துகொண்டு போகிறது. நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று பெட்டியைக் கடந்துபோனால், 120 வாட் வெப்பத்தை ஏற்றிக்கொண்டு போக அந்தக் காற்று ஆறு டிகிரி சூடேறினால் போதும். சுவர் தேக்கானாலும் தகரமானாலும் இந்தக் கணக்கு மாறாது. எனவே காற்று உண்மையில் கடந்துபோகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஒரே வீடியோ வேலையை இருபது நிமிடம் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டோம். அறையில் 35 டிகிரி. மூடி திறந்திருந்தபோது பிராசசர் 78 டிகிரியில் நின்றது. மூடியைச் சாத்தினால் பதினோராவது நிமிடத்தில் 95. இந்த பிராசசருக்கு அதுதான் மேல் வரம்பு; அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே திடீரென்று அணைவதற்கு பிராசசர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பவர் சப்ளை சூடேறி, தன் பாதுகாப்புக்காக நிறுத்திக்கொள்கிறது என்று கணித்தேன். ஆறும்வரை மறுபடி எழாமல் இருந்ததும் அதற்குப் பொருந்தியது.

பிறகு பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி கொண்டுவரச் சொன்னேன். மூடிக்குப் பதில் ஒரு கண்ணாடியை வைத்து, இடதுபக்க விசிறியின் அருகே புகையைக் காட்டினோம். புகை உள்ளே போனது, சில்லறை அறைகளின் தடுப்பில் முட்டியது, அப்படியே திரும்பிப் பக்கத்தில் இருந்த வெளியேற்று விசிறி வழியாக வெளியே போய்விட்டது. போர்டின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பவர் சப்ளையின் பின்னால் காட்டியபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது: வெளியேற வேண்டிய காற்றில் ஒரு பகுதி பலகையில் மோதி, இடுக்கு வழியாகப் பெட்டிக்குள்ளேயே திரும்பி வந்தது. அதையே பவர் சப்ளை மறுபடி இழுத்தது.

கோலப்புள்ளித் துளைகளைக் கணக்குப் போட்டோம். 10 மில்லிமீட்டர் துளைகள் 24 சேர்ந்தால் சுமார் 1,900 சதுர மில்லிமீட்டர். ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியின் திறப்பு ஏறக்குறைய 9,000. ஐந்தில் ஒரு பங்குதான். அதுவும் மெல்லிய தகட்டில் போட்ட துளைகள் அல்ல. 19 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் போட்டவை. ஒவ்வொன்றும் ஒரு சிறு குழாய். காற்று அதற்குள் தேய்ந்துகொண்டுதான் போக வேண்டும். கேபினெட் கடைகளில் காணும் துளைத்தகட்டைப் பார்த்து மரத்தில் அதே வடிவத்தைப் போட்டால் அதே வேலை நடக்காது. இதை நானும் அன்றுதான் எண்ணிக்கையில் பார்த்தேன்.

யு.எஸ்.பி. பிளக் பொருந்தாததற்கும் பலகையின் கனமே காரணம். போர்டின் முனைகளுக்கான சாளரம் 158.75க்கு 44.45 மில்லிமீட்டர் என்று ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவுத்திட்டத்தில் வகுத்திருக்கிறார்கள், பேத்தி அளவைச் சரியாகவே வெட்டியிருந்தார். ஆனால் அந்த அளவு மெல்லிய தகட்டுக்கானது. முக்கால் அங்குலப் பலகைக்குப் பின்னால் முனைகள் குழிக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டன. பிளக்கின் பிடிப்பகுதி பலகையில் இடித்தது.

எடுத்த முடிவுகள்

உறுப்புகளைக் கழற்றிக் கடையில் விற்கும் கேபினெட்டில் போட்டுவிடலாம் என்று நானே முதலில் சொன்னேன். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. டிரங்குப் பெட்டி ஒன்றில் போடலாம் என்ற யோசனையும் வந்தது. எர்த்துக்கும் மின்னிரைச்சலுக்கும் அது நல்லதுதான், ஆனால் வைஃபை ஆன்டெனாவை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கல்லாப்பெட்டியைக் காப்பாற்றத்தானே இந்த வேலையே தொடங்கியது. அதனால் பெட்டியை வைத்துக்கொண்டே காற்றுவழியைப் புதிதாக வகுப்பது என்று முடிவு செய்தோம்.

முன்பக்கத்தைத் தொடக்கூடாது என்பதால் காற்று அடியிலிருந்துதான் வர வேண்டும். போர்டு பின்பக்கத்தை ஒட்டிப் பத்து அங்குலம் எடுத்துக்கொண்டது. முன்னால் ஆறு அங்குலம் மீதம். சில்லறை அறைகள் இருந்தது அங்கேதான். அந்த இடத்தில் தரைப்பலகையில் வட்டம் வெட்டி 120 மில்லிமீட்டர் விசிறியை மேல்நோக்கி வைத்தால், காற்று முன்பக்கம் கீழே நுழைந்து, போர்டைக் கடந்து, பின்பக்கம் மேலே இணைப்பு முனைகளுக்கு மேல் வைக்கும் விசிறி வழியாக வெளியேறும். சூடான காற்று தானாகப் போக விரும்பும் திசையும் அதுவே. பெட்டியின் சரிவும் அதே திசையில் உயர்ந்தது. பவர் சப்ளையைத் தலைகீழாகத் திருப்பி, அதன் விசிறிக்கும் அடியில் தனித் திறப்பு கொடுத்தோம். பெட்டிக்குள் இருக்கும் சூட்டோடு அதற்கு இனித் தொடர்பில்லை.

இதற்குச் சில்லறை அறைகளை எடுத்தாக வேண்டும். அண்ணாச்சி இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆசாரியை அவரே அழைத்துவந்தார். அறைகள் ஆணி அடிக்காமல் காடியில் செருகப்பட்டிருந்ததைக் கண்டு, ஆசாரி அவற்றை உடைக்காமல் முழுதாக உருவி, அடியில் ஒரு பலகை கொடுத்துத் தனித் தட்டாக்கினார். அது இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் மேசை மேல் இருக்கிறது. பென் டிரைவுகள் அதில்தான்.

பின்பலகையில் பெரிய சாளரம் வெட்டி, பழைய இரும்புக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய உடைந்த கேபினெட்டின் முதுகுத் தகட்டைத் துண்டாக்கிப் பொருத்தினோம். போர்டைத் தாங்கும் தட்டும் அதே கேபினெட்டிலிருந்து கிடைத்தது. பிளக் பிரச்சினை அதோடு தீர்ந்தது. தட்டை மரத்தோடு இறுக்கும்போது ஆசாரி ஒரு நுட்பம் சொன்னார். மரம் ஈரம் குடித்தால் நாரின் குறுக்கே விரியும், இரும்பு விரியாது. ஆகவே திருகுத் துளைகளில் ஒரு பக்கத்தை வட்டமாகவும் மறுபக்கத்தை நீள்வட்டமாகவும் போட வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் பலகை தட்டை இழுத்து வளைக்கும், தட்டோடு சேர்ந்து போர்டும் வளையும். முதல் கட்டுமானத்தில் போர்டு நேராகப் பலகை மேலேயே திருகப்பட்டிருந்தது. ஒரு மழைக்காலத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதை மாற்றியது எங்கள் நல்ல நேரம்.

முதுகுத் தகடு, தாங்கும் தட்டு, பவர் சப்ளைக் கூடு, இரு கைப்பிடிகள் ஆகிய எல்லாவற்றையும் பச்சைக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்தோம். கைப்பிடியைத் தனித்து விட்டுவிடலாமே என்று பேத்தி கேட்டார். தற்செயலாகத் தொட்டுக்கொள்ளக்கூடிய உலோகம் எதுவும் எர்த்தோடு இருக்கட்டும் என்றேன். பெட்டியை ரப்பர் கால்களில் ஒன்றரை அங்குலம் உயர்த்தி, அடித் திறப்புகளுக்குக் கொசுவலைத் துணியைச் சட்டமடித்து வடிகட்டியாக மாட்டினோம்.

பின் விளைவுகள்

அதே வேலை, அதே இருபது நிமிடம், மூடி சாத்தியபடி, அறையில் 34 டிகிரி: பிராசசர் 77இல் நின்றது. மூடி திறந்துவைத்த பழைய அளவுக்கு ஒரு டிகிரி கீழே. அதற்குப் பிறகு கணினி ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை. கைப்பிடியில் மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டவில்லை.

நவம்பர் மழையில் மூடி உப்பி ஒட்டிக்கொண்டது. ஆசாரி வந்து இழைப்புளியால் ஓரத்தை இரண்டு இழை எடுத்தார். உள்ளே தட்டு நேராகவே இருந்தது. நீள்வட்டத் துளைகளில் திருகுகள் நகர்ந்திருந்த தடம் தெரிந்தது.

நான் எதிர்பார்க்காத குறை ஒன்று உண்டு. அண்ணாச்சி காலையில் டிரான்சிஸ்டரில் மத்திய அலை வானொலிச் செய்தி கேட்பவர். கணினி ஓடினால் அதில் கரகரப்பு. இரும்பு கேபினெட் உள்ளிருந்து எழும் மின்னிரைச்சலை ஓரளவு அடக்கிவைக்கும்; மரம் அடக்காது. மூடிக்கு உட்புறமும் இரு பக்கச் சுவர்களிலும் மெல்லிய தகடு அடித்து எர்த்தோடு சேர்த்துப் பார்த்தோம். கரகரப்பு குறைந்தது, நீங்கவில்லை. வைஃபை ஆன்டெனா பின்பக்கம் இருந்ததால் அதற்குப் பாதகம் இல்லை. இப்போது வானொலி திண்ணைக்குப் போய்விட்டது. இதை நான் தீர்வாகக் கருதவில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆசாரி கூலி, தகடு, விசிறிகள், கம்பி, ரப்பர் கால்கள் எல்லாம் சேர்ந்து ஐயாயிரத்துச் சொச்சம். எர்த் குழியும் ஆர்.சி.சி.பி.யும் தனி. அந்தப் பணத்துக்கு நல்ல கேபினெட் ஒன்று வாங்கியிருக்கலாம். சிக்கனத்துக்காக யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மறுபடி செய்தால்

வீட்டுச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று முதல் நாளே பார்ப்பேன். பெட்டியைத் தொடுவது அதற்குப் பிறகுதான். துளை போடுவதற்கு முன் அட்டைப்பெட்டியில் அதே அளவில் ஒரு மாதிரி செய்து ஊதுபத்திப் புகையை ஓடவிட்டால் அரை நாளில் எல்லாம் தெரிந்துவிடும். தேக்குப் பலகையில் இருபத்துநான்கு துளைகள் வீணாகியிருக்காது. பேத்தி தன் முதல் கட்டுமானத்தை மூடி திறந்துவைத்தே சோதித்திருந்தார், அதனால்தான் சூடு அவருக்குத் தெரியவில்லை. தகடு அடிப்பதையும் போர்டு பொருத்துவதற்கு முன்பே, ஐந்து பக்கமும் முழுதாகச் செய்திருக்க வேண்டும். பின்னால் அடித்ததில் இடைவெளிகள் அதிகம், வானொலியின் கரகரப்புக்கு அவையே காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த கோடை விடுமுறையில் கழற்றிச் செய்து பார்ப்பதாக இருக்கிறோம்.

இன்னொரு சிறு ஏற்பாடு. கடை நடந்த காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் அண்ணாச்சி கல்லாப்பெட்டியைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார். அந்த வழக்கத்தை வீட்டிலும் விடவில்லை. ஈரத்துணியும் சந்தனக் கரைசலும் மூடியின் நீள்துளை வழியாக பவர் பட்டனில் இறங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். துளைக்கு அடியில் பட்டனைச் சுற்றி ரப்பர் வளையம் வைத்தோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் துணியைக் கையில் எடுப்பது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்குகிறார், துடைக்கிறார், அடியில் இருக்கும் கொசுவலைச் சட்டத்தையும் உருவித் தட்டுகிறார், பொட்டு வைக்கிறார். வடிகட்டியில் தூசி சேர்ந்து நான் இதுவரை பார்த்ததில்லை.